வளர்பிறை பஞ்சமியில் சேர்ந்தவன்

தம்பி, அந்த ஜன்னல் சீட்டை எனக்குக் குடுத்துடறீங்களா? முன்னாடி ஏறினது நீங்கதான், நான் இல்லேங்கல. ஆனா வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல. எனக்குக் காத்து வேணும், இல்லேன்னா நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கும். நல்லா இருப்பீங்க. நீங்க எழுந்து குடுத்தீங்க பாருங்க, இந்தக் காலத்துல யாரு குடுக்கறா? ‘நான்தான் முதல்ல வந்தேன், நீ பின்னாடி போ’ங்கறதுதான் இன்னைக்கு நியாயம். அந்த நியாயத்தாலதான் எம் மகன் வாழ்க்கை இப்படி ஆச்சு.

சென்னைக்குத்தானே? நான் தாம்பரத்துல இறங்கிடுவேன். மகன் வீடு சேலையூர்ல. மகன் என்ன பண்றான்னு கேக்கமாட்டீங்களா? எல்லாரும் கேப்பாங்க. பைலட். நிஜமாத்தான். பெரம்பலூர்ல எங்க பக்கத்துல இருந்து பைலட் ஆனது ரெண்டே பேரு. ஒண்ணு எம் மகன் புவனேந்திரன். இன்னொண்ணு அந்த எழில்மாறன், வாத்தியார் மகன். ரெண்டு பேரும் ஒண்ணா படிச்சாங்க, ஒண்ணா பரீட்சை எழுதினாங்க, ஒரே கம்பெனில ஒரே நாள் செலக்ட் ஆனாங்க. ரேங்க் லிஸ்ட்ல எம் மகன்தான் மேல, அவன் கீழ. ஞாபகம் வெச்சுக்குங்க. எம் மகன் மேல.

இன்னைக்கு? அவன் கேப்டன். தோள்ல நாலு பட்டை. எம் மகன் இன்னும் மூணு பட்டை.

விளங்கலையா? சொல்றேன். பிளேன்ல முன்னாடி ரெண்டே சீட்டு. இடது பக்கம் கேப்டன், வலது பக்கம் கோ-பைலட். நடுவுல ஒரு ஆள் உக்காரக்கூட இடம் கிடையாது, அவ்வளவு கிட்ட. வலது பக்கத்துல இருந்து எழுந்து இடது பக்கம் உக்காரணும், அதுதான் கேப்டன் ஆகறது. கையை நீட்டினா தொட்டுடலாம். ஆனா அதுக்கு வருஷக்கணக்கா ஆகுது. ஏன்? நம்பர்.

வேலைல சேர்ற அன்னைக்கே ஒவ்வொருத்தனுக்கும் ஒரு நம்பர் குடுத்துடறான் தம்பி. சீனியாரிட்டி நம்பர். அப்புறம் எல்லாம் அந்த நம்பர்தான். எந்த ஊர்ல வேலைங்கறது நம்பர். தீபாவளிக்கு லீவுங்கறது நம்பர். எப்ப கேப்டன் ஆகலாங்கறது நம்பர். நீ பறவை மாதிரி ஓட்டு, பல்லக்கு மாதிரி இறக்கு, ஒருத்தனும் கண்டுக்கமாட்டான். உனக்கு முன்னாடி இருக்கறவன் ரிட்டயர் ஆகணும், இல்ல வேலையை விடணும், அப்பதான் நீ ஒரு படி ஏறலாம். சரி இந்தக் கம்பெனி வேணாம், வேற கம்பெனி போறேன்னு கிளம்பினா, அங்க போய் கடைசி ஆளா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். தப்பிக்க வழியே இல்ல.

சீனியாரிட்டின்னா எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. நான் கவர்மெண்ட் ஆபீஸ்ல சூப்பரின்டெண்டா இருந்து ரிட்டயர் ஆனவன். ரத்தினசபாபதின்னு கேட்டுப் பாருங்க. எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷன். யாருக்கு அடுத்து யாரு, யாருக்கு ப்ரொமோஷன், அதைப் பாத்து ஃபைல் போடற சீட்டே என்னோடதுதான். முப்பது வருஷம். என்ஜினீயர் எல்லாம் என் டேபிள் முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நின்னிருக்கான், ‘சார், என் பேரு எத்தனாவது சார்’னு. அப்பேர்ப்பட்டவன் மகனுக்குத்தான் இந்த கதி.

நடந்ததைச் சொல்றேன். நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க.

கம்பெனில இருந்து மெயில் வந்துச்சு. இந்தத் தேதில வந்து சேரு, புதன்கிழமை, மத்தியானம் பன்னெண்டு மணி. நான் பஞ்சாங்கத்தை எடுத்தேன். தேய்பிறை அஷ்டமி. பன்னெண்டு மணின்னா புதன்கிழமை ராகுகாலம். அதோட விட்டுதா? அவன் ராசிக்கு அன்னைக்குச் சந்திராஷ்டமம். இப்படி ஒரு நாளை வேணும்னு தேடினாக்கூடக் கிடைக்காது. ஆகாசத்துல பறக்கற உத்தியோகம் தம்பி! மளிகைக்கடை வைக்கறதா இருந்தாக்கூட அன்னைக்கு வைக்கமாட்டான். குன்னத்துல எங்க ஜோசியர்கிட்ட ஓடினேன். அவர் கட்டத்தைப் பாத்தார். ‘பையன் ஒருத்தன்தானா உங்களுக்கு?’ன்னு கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

அந்த மெயில்லயே கீழ ஒரு வரி இருந்துச்சு. அந்த நாள் தோதுப்படலேன்னா அடுத்த பேட்ச்ல வந்து சேரலாம்னு. அடுத்த பேட்ச் எப்ப? பன்னெண்டு நாள் கழிச்சு. திங்கக்கிழமை, வளர்பிறை பஞ்சமி. தாராபலம், சந்திரபலம் எல்லாம் இருக்கு. சாமியே பாத்து வெச்ச மாதிரி. வேற என்ன வேணும்?

புவன் குதிச்சான். ‘அப்பா, தேதி தள்ளினா சீனியாரிட்டி போயிடும்னு எழில் சொல்றாம்ப்பா’ன்னான். நான் சிரிச்சேன். நிஜமா சிரிச்சேன் தம்பி. ‘யார்கிட்ட வந்து சீனியாரிட்டி பேசற? சர்வீஸ் ரூல் தெரியுமா உனக்கு? தேர்வுல என்ன ரேங்கோ அதுதான் பணிமூப்பு. சேர்ற தேதி முன்னப்பின்ன ஆனாலும் ரேங்க் மாறாது. நீ எழிலுக்கு மேல செலக்ட் ஆனவன், பத்து நாள் கழிச்சுச் சேந்தாலும் அவனுக்கு மேலதான்’னேன். எங்க ஆபீஸ்ல அப்படித்தான். எத்தனை ஃபைல் பாத்திருக்கேன்! பிரசவ லீவு முடிச்சு எத்தனையோ மாசம் கழிச்சு வந்து சேந்த பொண்ணு, முன்னாடியே சேந்தவனுக்கு மேல போயிருக்கு. ரூல் அதுதான். நியாயமும் அதுதான்.

அவன் கேக்கல. பேக்கை எடுத்து வெச்சுட்டான். நான் என்ன பண்ணுவேன்? காலைல இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. சாயங்காலம் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். நடிப்புன்னு சொல்லிடாதீங்க. கொஞ்சம் வலி இருக்கத்தான் இருந்துச்சு. பெத்தவனுக்கு வலிக்காதா? மங்களா, என் வீட்டுக்காரி, அழுதுக்கிட்டே அவன் பேக்கைப் பிரிச்சுட்டா. அவன் என்னையே பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம் ஃபோனை எடுத்து, அடுத்த பேட்ச்ல வரேன்னு கம்பெனிக்கு மெயில் போட்டான். எனக்கு வலி அப்படியே நின்னுடுச்சு.

எழில் என்ன பண்ணான்? அஷ்டமியும் அதுவுமா, ராகுகாலத்துல போய் கையெழுத்துப் போட்டான். அவங்கப்பன் தமிழ் வாத்தியார். கறுப்புச் சட்டை. அந்த வீட்டுல பஞ்சாங்கமே கிடையாது, மாசம் கிழிக்கற காலண்டர்தான். வாத்தியாரை அன்னைக்குக் கடைத்தெருவுல பாத்துச் சொன்னேன், ‘பையன் வாழ்க்கையில விளையாடறீங்களே’ன்னு. அந்த ஆள் சிரிச்சுக்கிட்டே, ‘அவங்க வரச் சொன்னாங்க, அவன் போனான், இதுல நான் எங்க விளையாடறது’ன்னார். பேச்சைப் பாருங்க.

இந்தப் பன்னெண்டு நாளைக்குள்ள என்ன ஆச்சு தெரியுமா? வேற ஒரு கம்பெனி மூடிட்டான். ஒரே நாள்ல. அதுல இருந்த பைலட் எல்லாம் தெருவுல நின்னான். இந்தக் கம்பெனி பாத்தான், அனுபவம் உள்ள ஆளு சல்லிசா கிடைக்குதேன்னு மொத்தமா அள்ளிப் போட்டுக்கிட்டான். நூத்துக்கு மேல. எல்லாரும் வெள்ளிக்கிழமையே சேந்துட்டான். எம் மகன் திங்கக்கிழமை போய் நிக்கறான், சுப ஓரையில, நெத்தில விபூதியோட. அவனுக்கும் எழிலுக்கும் நடுவுல அத்தனை பேர் வந்து உக்காந்தாச்சு.

இது யார் தப்பு? சொல்லுங்க. கம்பெனி மூடினவன் தப்பு. அவனைக் கூட்டிட்டு வந்து நடுவுல சொருகினவன் தப்பு. ரேங்கைப் பாக்காம சேந்த தேதியைப் பாத்து நம்பர் போட்டான் பாருங்க, அவன் தப்பு. எந்த ஊர் ரூல் இது? படிச்சவன் பண்ற காரியமா?

நான் விடல. மனு எழுதினேன். ‘பெறுநர்: உயர்திரு மனிதவள அலுவலர் அவர்கள். பொருள்: பணிமூப்பு நிர்ணயம், தவறு களையக் கோருதல், தொடர்பாக.’ பார்வையில அவங்க மெயில் தேதி எல்லாம் போட்டு, பக்கம் பக்கமா, நம்ம சர்வீஸ் ரூலை எடுத்துக் காட்டி. பதில் இல்ல. நினைவூட்டு ஒண்ணு, நினைவூட்டு ரெண்டுன்னு போட்டேன். மூணாவதுக்கு, கம்பெனில புவனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கான், ‘உங்கப்பாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?’ன்னு. புவன் அன்னைக்கு ராத்திரியே கிளம்பி வந்துட்டான். ‘அப்பா, இன்னொரு லெட்டர் எழுதினீங்கன்னா நான் வேலையையே விட்டுடுவேன்’னான். எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம் போல ஆச்சு. அவனுக்காகத்தானே எழுதினேன்? எனக்கா கேட்டேன் ப்ரொமோஷன்?

அப்புறம் கொரோனா. உங்களுக்குத் தெரியாததா? பிளேன் எல்லாம் நின்னுபோச்சு. கம்பெனி ஆளைக் குறைச்சான். எங்கருந்து குறைச்சான்? அடியில இருந்து. கடைசியா வந்தவன் முதல்ல வெளிய போ, நிலைமை சரியானதும் நம்பர் பிரகாரம் கூப்பிடறோம்னுட்டான். கோடு எங்க விழுந்துச்சு தெரியுமா? எழிலுக்குக் கீழ, எம் மகனுக்கு மேல. அவன் பாதிச் சம்பளத்துல உள்ள. இவன் வெளிய.

ரெண்டு வருஷம் தம்பி. அவன் மாமனாருக்கு நாமக்கல்ல முட்டை ஏஜென்சி. அங்க போய் லோடு கணக்கு எழுதினான். ஆகாசத்துல பறந்தவன், முட்டை அட்டையை எண்ணி லாரில ஏத்தினான். நான் ஒரு தடவை போயிருந்தேன். மேல ஏதோ பிளேன் போச்சு, சத்தம் கேட்டுச்சு. லோடு ஏத்தற ஆளுங்க எல்லாம் அண்ணாந்து பாக்கறாங்க. இவன் பாக்கல. பேனாவை வெச்சுக்கிட்டுக் குனிஞ்சே இருந்தான். எனக்கு அந்த இடத்துலயே செத்துடலாம் போல இருந்துச்சு. ‘எல்லாம் ராகு திசை, இன்னும் எட்டு மாசம்தான்’னு சொன்னேன். அவன் முட்டை அட்டையை மூணு தடவை எண்ணினான்.

மறுபடி கூப்பிட்டான். போனான். ஆனா எங்க? கொல்கத்தா. சென்னைல இடம் வேணும்னா நம்பர் வேணும். பொண்டாட்டியும் குழந்தையும் சேலையூர்ல, இவன் அங்க. பொங்கலுக்கு வரமாட்டான், தீபாவளிக்கு வரமாட்டான். குழந்தை பொறந்தப்பவே ரெண்டு நாள் கழிச்சுத்தான் வந்தான். எழிலுக்குச் சென்னைலயே வேலை, சாயங்காலம் ஆனா வீட்டுக்கு வந்துடறான். போன வருஷம் கேப்டனும் ஆயிட்டான். அஷ்டமில சேந்தவன்! அதைத்தான் என்னால தாங்க முடியல. எனக்குத் தெரியாம எங்கயோ பரிகாரம் பண்ணியிருப்பானுங்க. கறுப்புச் சட்டை போட்டவன் எல்லாம் உள்ளூர என்ன பண்றான்னு யாருக்குத் தெரியும்?

இன்னொண்ணு சொல்றேன். இதைச் சொன்னா மங்களா என்னை முறைப்பா. அவ இங்க இல்ல, சொல்றேன்.

போன தை மாசம் புவன் எங்களுக்கு டிக்கெட் போட்டான். சென்னைல இருந்து திருச்சிக்கு. ‘அந்த ஃப்ளைட்டுல நான் ட்யூட்டில இருக்கேம்ப்பா, ஒரு தடவை நான் ஓட்டற பிளேன்ல நீங்க வரணும்’னான். எனக்குப் பெருமையா இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. வேட்டியைக் கஞ்சி போட்டுக் கட்டினேன். உள்ள போய் உக்காந்தாச்சு. மைக்ல ஒரு பொண்ணு பேசுது. ‘இந்த விமானத்தின் கேப்டன் எழில்மாறன், அவருடன் முதல் நிலை அதிகாரி புவனேந்திரன்.’ எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. எம் மகன் அவனுக்கு எடுபிடியா? முன்கூட்டியே சொல்லியிருந்தா நான் ஏறியே இருக்கமாட்டேன். மங்களா என் கையைப் புடிச்சுக்கிட்டா, எழுந்துடுவேனோன்னு.

திருச்சில இறங்கறப்ப பாருங்க, தடார்னு ஒரு குலுக்கல். மேல இருந்த பை எல்லாம் ஆடிப்போச்சு. நான் சத்தமாவே சொன்னேன், ‘என்னய்யா இறக்குறான், மூட்டையைப் போடற மாதிரி போடறான்’னு. முன்னாடி சீட்டுல ரெண்டு பேர் சிரிச்சான். இறங்கறப்ப கதவுகிட்ட ரெண்டு பேரும் நிக்கறாங்க. எழில் கையைக் கூப்பி, ‘வாங்கப்பா, வாங்கம்மா’ங்கறான். சின்ன வயசுல இருந்து என்னை அப்பான்னுதான் கூப்பிடுவான். நான் விடுவேனா? ‘இடது பக்கத்துல உக்காந்துட்டா மட்டும் போதாதுப்பா, இறக்கத் தெரியணும். எம் மகன் அந்தச் சீட்டுல இருந்திருந்தா பூ மாதிரி இறக்கியிருப்பான்’னேன். பின்னாடி அத்தனை பேரும் நிக்கறான், எல்லாரும் கேட்டான். கேக்கட்டும்.

எழில் ஒரு நிமிஷம் புவனைப் பாத்தான். அப்புறம் எங்கிட்ட, ‘மன்னிச்சுக்குங்கப்பா, அடுத்த தடவை பாத்து இறக்கறேன்’னான். புவன் முகத்தை நான் சரியாப் பாக்கல, பின்னாடி இருந்து ஆளுங்க தள்ளறாங்க.

வீட்டுக்கு வந்தப்புறம் மங்களா சொல்றா, ‘அன்னைக்கு இறக்கினது புவன்தாங்க. அம்மா அப்பா வராங்க, நீயே இறக்குன்னு எழில் குடுத்தானாம். பதட்டத்துல கொஞ்சம் அழுத்தமா விழுந்துடுச்சாம்’னு. நான் நம்பல. அதுவும் எழில் கட்டிவிட்ட கதைதான். அவன் பழி அவன் மேல விழாம இருக்க என் பையன் தலையில போடறான். அப்படியே புவன் இறக்கினான்னே வெச்சுக்குங்க, மைக்ல ஏன் கேப்டன்னு எழில் பேரைச் சொன்னாங்க? கேப்டன்னா அவன்தானே பொறுப்பு? என் பேச்சுல என்ன தப்பு?

அன்னையில இருந்து புவன் எங்கிட்டப் பேசறது நின்னுபோச்சு. ஃபோன் பண்ணா எடுக்கமாட்டான். நாலு தடவை பண்ணா, ‘ட்யூட்டில இருக்கேன்’னு ஒரு மெசேஜ் வரும். நான் மருமகளைத்தான் சந்தேகப்படறேன். நர்மதா. நல்ல பொண்ணுதான், ஆனா வாயைத் திறக்காம காரியம் பண்றவ.

இப்ப எதுக்குப் போறேன்னு கேளுங்க.

ஞாயித்துக்கிழமை ரேஷன் கடைக்கிட்ட வாத்தியாரைப் பாத்தேன். ‘என்ன ரத்தினசபாபதி, பையனுக்கு முறை வந்துடுச்சாமே, கேப்டன் ட்ரெயினிங்குக்குக் கூப்பிட்டிருக்காங்களாமே, ரொம்பச் சந்தோஷம்’ங்கறார். எனக்கு ஒண்ணுமே தெரியாது தம்பி! பெத்தவன் நான், ரேஷன் கடைல நின்னு அடுத்தவன் வாயால கேக்கறேன். தெரிஞ்ச மாதிரி தலையை ஆட்டிட்டு வந்தேன். சர்க்கரை வாங்க மறந்துட்டேன்.

மங்களா சேலையூருக்குப் போய் ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. பேத்திக்குச் சளின்னு போனா. ஃபோன் போட்டுக் கத்தினேன். முதல்ல மழுப்பினா. அப்புறம், ‘ஆமாங்க, முறை வந்திருக்கு. புவன் இங்கதான் லீவுல இருக்கான். வர்ற புதன்கிழமைதான் கிளம்பறான். நீங்க அங்கயே பேசாம இருங்க, எல்லாம் முடிஞ்சதும் சொல்றோம்’னா. வர்ற புதன்கிழமை! நாளைக்கு! நாளைக்கு என்ன நாள் தெரியுமா உங்களுக்கு? இதோ பஞ்சாங்கம், பையிலயே வெச்சிருக்கேன். பாருங்க. தேய்பிறை அஷ்டமி. சந்திராஷ்டமம். அதே நாள் தம்பி! அன்னைக்கு எதுல இருந்து காப்பாத்தினேனோ அதே நாள் சுத்திக்கிட்டு வந்து வாசல்ல நிக்குது.

தெரியும், தெரியும், நீங்க என்ன கேக்கப் போறீங்கன்னு. முறை வந்தப்ப போகலேன்னா அடுத்தவனைக் கூப்பிட்டுடுவான். மறுபடி எப்ப முறை வரும்னு அந்தக் கம்பெனிக்காரனுக்கே தெரியாது. வாத்தியாரும் சொன்னார், ‘இதை விட்டா பையன் மனசே விட்டுப்போயிடும்’னு. விட்டா விடட்டும். இத்தனை வருஷம் பொறுத்தவன் இன்னும் கொஞ்சம் பொறுக்கக்கூடாதா? கேப்டன்னா நூத்தம்பது இருநூறு உசுரு அவன் கையில. கெட்ட நாள்ல அந்தச் சீட்டுல உக்காந்து, மேல போய் ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? எனக்குப் பட்டையா வேணும்? எம் புள்ள வேணும். எனக்கு இருக்கறது ஒருத்தன். ராத்திரில அவன் பறக்கறான்னா நான் தூங்கமாட்டேன் தம்பி. இது அவனுக்கும் தெரியாது, மங்களாவுக்கும் தெரியாது. ஃபோன்ல அந்தப் பிளேன் போறதைக் காட்டும் பாருங்க, சின்னதா மஞ்சக் கலர்ல, அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன், தரையில இறங்கற வரைக்கும்.

எப்படித் தடுப்பீங்கன்னு கேக்கறீங்களா? அதெல்லாம் எனக்குத் தெரியும். காலைல அவன் கிளம்பறப்ப வாசல்படில உக்காந்துக்குவேன். நெஞ்சைப் புடிச்சுக்குவேன். அப்பனை ஆஸ்பத்திரிக்குத் தூக்காம எந்தப் புள்ள போவான்? என்னை வளத்தவன் இல்லையே, நான் வளத்தவன். அவன் மனசு எனக்குத் தெரியும்.

விக்கிரவாண்டி வந்தாச்சா? இறங்கறவங்க இறங்கட்டும். நான் டீ குடிக்கமாட்டேன், நீங்க போயிட்டு வாங்க. இருங்க இருங்க, போறதுக்கு முன்னாடி ஒரு உபகாரம். உங்க ஃபோன்ல இருந்து அவனுக்கு ஒரு கால் போடறீங்களா? என் நம்பரைப் பாத்தா எடுக்கமாட்டான். நான் பேசினாலும் வெச்சுடுவான், நீங்களே பேசுங்க. கொரியர்னு சொல்லுங்க. ‘பார்சல் வந்திருக்கு, சாயங்காலம் வீட்டுல இருப்பீங்களா’ன்னு கேளுங்க, போதும். நான் போறப்ப அவன் வீட்டுல இல்லாம, காலைல நேரா அப்படியே கிளம்பிட்டான்னா என் பாடு என்ன ஆகறது? நம்பர் சொல்றேன். ஸ்பீக்கர்ல போடுங்க. வண்டியை ஆஃப் பண்ணிட்டான், நல்லா கேக்கும். நான் மூச்சு விடமாட்டேன்.

அடிக்குதா?

...

வெச்சுட்டானா.

குடுங்க... இல்ல, உங்க ஃபோன்தான், வெச்சுக்குங்க.

எடுத்துட்டான் பாத்தீங்களா. ரெண்டாவது அடில எடுத்துட்டான். ‘சொல்லுங்க சார்’னு, எவ்வளவு மரியாதையா. தெரியாத நம்பரு, யாரோ எவரோ. என் குரலை அவன் கேட்டு நாலு மாசம் ஆச்சு, அவன் குரலை நான் கேட்டும் அவ்வளவு ஆச்சு. கொஞ்சம் தொண்டை கட்டியிருக்கு, கவனிச்சீங்களா? ஹைதராபாத் தண்ணி ஒத்துக்காது அவனுக்கு.

ஹைதராபாத்துன்னுதானே சொன்னான்? ‘நான் ஹைதராபாத்ல ட்ரெயினிங்ல இருக்கேன் சார், போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமையே வந்துட்டேன், பார்சலை வீட்டுல அம்மாகிட்ட குடுத்துடுங்க’ன்னான். அப்ப மங்களா சொன்னது? வர்ற புதன்கிழமைன்னாளே. லீவுல இருக்கான்னாளே. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவ எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல தம்பி. பால்காரன் மிச்சக் காசு குடுக்கலேன்னாக்கூட வந்து சொல்றவ.

நீங்க ஒண்ணு கேட்டீங்களே. ‘இல்லேன்னா ஊர்ல அப்பா அட்ரஸுக்கு அனுப்பிடட்டுமா சார்’னு. அதை நான் சொல்லித்தரலையே, நீங்களா கேட்டது. எதுக்குக் கேட்டீங்க? சரி, விடுங்க. நல்ல மனசுல கேட்டீங்க. அவன் என்ன சொன்னான்? எனக்குக் காது சரியாத்தான் கேக்குது, இருந்தாலும் நீங்களும் கேட்டீங்கதானே. ‘வேணாம் சார். அப்பாகிட்ட எதுவும் குடுத்துடாதீங்க. அவர் திருப்பி அனுப்பிடுவார்’னான்.

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். கோவமா இல்ல.

இருங்க, அந்தப் பக்கத்தைப் பாக்கறேன். கண்ணாடி எங்க... வியாழக்கிழமை. இன்னையோட பன்னெண்டு நாள். இதோ. வளர்பிறை தசமி. சித்த யோகம். அவன் ராசிக்குச் சந்திரபலம் இருக்கு, தாராபலம் இருக்கு. குரு ஓரைல போயிருந்தான்னா இன்னும் விசேஷம்.

நல்ல நாள்தான் தம்பி. ரொம்ப நல்ல நாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே விபூதி பூசி அனுப்பி வெச்சிருப்பேனே. நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? பஞ்சாங்கத்தை எடுத்துக் காட்டி, போடா ராஜா, போய் உக்காருடான்னு சொல்லியிருப்பேனே. கேக்கவே இல்லையே ஒருத்தரும்.

தாம்பரத்துல இறங்கினா திரும்பப் பெரம்பலூருக்குப் பஸ் எத்தனை மணி வரைக்கும் இருக்கும்? இல்ல, போறேன், வந்தது வந்துட்டேன். பேத்தியைப் பாத்த மாதிரி இருக்கும். மங்களா கதவைத் திறந்ததும் என்ன சொல்லுவா? ‘நாளைக்குத்தாங்க கிளம்பறான்’னு மறுபடியும் சொல்லுவாளோ?

நீங்க போய் டீ குடிங்க, வண்டியை எடுத்துடப் போறான். நெஞ்சுல கை வெச்சிருக்கேன்னு பாக்கறீங்களா? ஒண்ணுமில்ல. தண்ணியெல்லாம் வேணாம். சும்மா வெச்சேன். நிஜமாத்தான் சொல்றேன், போயிட்டு வாங்க. இதைப் பாக்க வேண்டியவங்க யாரும் இந்த பஸ்ல இல்லையே.